கல் முன்னால் வைக்காத கத்தி

கவ்வாத்துச் சாமிக்குக் கோயில் கிடையாது. தேயிலைக் காட்டின் ஓரத்தில், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில், முழங்கால் உயரக் கல் ஒன்று நட்டிருக்கும். அவ்வளவுதான். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை மொட்டையாக வெட்டிவிட்டால்தான் மறுபடி இளசாகத் துளிர்க்கும். அந்த வெட்டுக்குத்தான் எங்கள் எஸ்டேட்டில் கவ்வாத்து என்று பெயர். வெட்டு தொடங்குகிற அன்று காலையில் ஆண்கள் எல்லாரும் தங்கள் கத்தியை அந்தக் கல் முன்னால் வரிசையாக வைப்பார்கள். மஞ்சள், குங்குமம், ஒரு தேங்காய், ஒரு சேவல். பிறகு கூட்டத்தை மேற்பார்க்கிற கங்காணி ஒவ்வொரு கத்தியாக எடுத்து உடையவன் கையில் கொடுப்பார். எங்கள் பெற்றோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பந்தலூர்ப் பக்கம் வந்து இறங்கியபோது மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த வழக்கம் இது. இப்போது சரிவு குறைந்த இடங்களில் மெஷின் வெட்டுகிறது. மெஷினுக்கும் பொட்டு வைக்கிறார்கள், பெட்ரோல் டேங்க் மூடியின் மேல்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என் கத்தியும் அந்த வரிசையில் இருந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம் இல்லை.

நான் எப்படி விசுவாசத்துக்குள் வந்தேன் என்று கேட்டால், எங்கள் பாஸ்டருக்குத் திருப்தியாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தீராத வியாதி எதுவும் தீரவில்லை. கனவில் யாரும் வரவில்லை. கடைத்தெருவுக்கு மேலே தகரம் போட்ட ஜெபக்கூடம் ஒன்று இருக்கிறது. என் மனைவி பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்களோடு அங்கே போக ஆரம்பித்தாள். இருட்டினால் எங்கள் பாதையில் யானை நிற்கும் என்பதால் அவளைக் கூட்டிவர நான் போவேன். வெளியே நின்றால் மழை. வாசலுக்குள் ஒதுங்கினேன். உள்ளே பேசியது காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டே கேட்டேன். பிறகு ஒரு நாள் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் மழை இல்லாதபோதும் உள்ளே போய் உட்கார்ந்தேன். "மழைக்கு ஒதுங்கினவன் தங்கிட்டேங்க" என்று பாஸ்டரிடம் சொன்னால், "அதுக்கு மேல எதாவது இருக்கும் பிரதர், யோசிச்சுப் பாருங்க" என்பார். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

ஞானஸ்நானம் எடுத்த பிறகு வந்த முதல் கவ்வாத்து அது. கங்காணி வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன், என் மச்சான். ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் கூட்டத்துக் கத்திகளையெல்லாம் முந்தின நாள் வாங்கிக்கொண்டு போய்த் தீட்டித் தருவது அவர்தான். அவர் வீட்டு வாசலில்தான் நல்ல சாணைக்கல் இருக்கிறது. என் கத்தியைக் கேட்டு அவர் வந்தபோது கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"மச்சான், தீட்டித் தாங்க. ஆனா கல்லு முன்னாடி வைக்கிறதுக்கு இல்ல."

அவர் கத்தியின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கோயிலுக்கு வரல, சரின்னேன். வீட்ல படத்த எடுத்த, சரின்னேன். இது உன் வீட்டு விஷயம் இல்ல மாப்ள. இது கூட்டத்து விஷயம்."

"கூட்டத்துக்கு என்ன வேலை சொன்னாலும் செய்றேன். இது மட்டும் மாட்டேன்."

"ஆளுங்க உன் பக்கத்துல நிக்க மாட்டேன்னா?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். கவ்வாத்து கூட்டமாகச் செய்கிற வேலை. ஆளுக்கொரு நிரை பிடித்து, ஒருவர் வேகத்துக்கு ஒருவர் ஏற வேண்டும். பக்கத்து நிரைக்காரன் சேர்க்க மாட்டேன் என்றால் கங்காணி என்னை வைத்துக்கொள்ள முடியாது. என் மனைவி இடுப்பு வலியால் கொழுந்துக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து எங்கள் லயத்து வீடு என் பெயரில்தான் நிற்கிறது. வேலை இல்லாதவனுக்கு எஸ்டேட்டில் வீடு இல்லை. மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு அவள் வந்து இறங்க ஒரு வாசல் வேண்டும். எல்லாம் தெரிந்துதான் மாட்டேன் என்றேன். மச்சான் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் நான் எல்லாருக்கும் முன்னால் போய் மரத்தடியைச் செதுக்கிக் கூட்டினேன். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தேன். சேவலுக்கு விறகு உடைத்துப் போட்டேன். சாமி கும்பிடுகிறபோது கொஞ்சம் தள்ளி, தொப்பியைக் கழற்றி, சும்மா நின்றேன். கத்திகள் வரிசையாக இருந்தன. என்னுடையது இல்லை என்பதை எல்லாரும் எண்ணிப் பார்க்காமலே கண்டுகொண்டார்கள். பூசை முடிந்ததும் மச்சான் தன் இடுப்புச் சாக்குக்குள்ளிருந்து என் கத்தியை எடுத்துத் தனியாக என்னிடம் கொடுத்தார்.

என் பக்கத்து நிரைக்காரர் என்னைவிட மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. முன்பொரு காலத்தில் புதிதாக வந்த துரை ஒருவர் அவசரம் என்று பூசைக்கு விடாமல் வேலையைத் தொடங்க வைத்த வருடம், கத்தி கொண்டுபோன விரல்கள் அவை. அவர் பயத்தை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. கையை நீட்டிக் காட்டிவிடுவார்.

"தம்பி, ஒருத்தன் வைக்கலேன்னா யாருக்கு வேணும்னாலும் ரத்தம் வரும். நாளைக்கு எனக்குப் பட்டா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "உங்களுக்கு ஏண்ணே படணும்? பட்டா எனக்கே படட்டும்" என்றேன். அந்த வார்த்தையை அவர் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சில நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. கோடை மழை ஒன்றிரண்டு பெய்திருந்தது, கொப்புகள் பதமாக வெட்டுப்பட்டன. அண்ணன் என்னோடு அவசியத்துக்கு மட்டும் பேசினார். ஆனால் நிரையை விட்டுப் போகவில்லை. இந்தச் சங்கதி கடைத்தெருவுக்குப் போய், அங்கிருந்து தகரக் கூடத்துக்கும் போய்விட்டது. பாஸ்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கடைசியில் என்னிடமிருந்து ஒரு சாட்சி கிடைத்துவிட்டது அவருக்கு. வர்ற ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்று, கத்தியை வைக்காமலே கர்த்தர் ஒரு கீறல் இல்லாமல் காத்தார் என்று சொல்ல வேண்டும். பக்கத்து எஸ்டேட் சபைக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் எனக்கு வெட்டுப்பட்டது.

பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுச் செடி. பாசி பிடித்த கொப்பு. இடது கையால் பிடித்து, கத்தியைக் கீழிருந்து மேலாக இழுத்தேன். கத்தி மரத்துக்குள் போகாமல் பாசியில் வழுக்கி, இடுப்பில் கட்டித் தொங்கவிட்ட சாக்கைக் கிழித்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. முதலில் வலியே தெரியவில்லை. செருப்புக்குள் ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தபோது வெள்ளையாக ஏதோ தெரிந்து, உடனே சிவப்பு மூடியது.

முதலில் ஓடி வந்தது அந்த அண்ணன்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நுனி இல்லாத விரல்களால் இறுக்கிக் கட்டினார். மேலே ரோட்டு வரைக்கும் என்னை முதுகில் சுமந்தார். ஏறும்போது மூச்சுக்கு மூச்சு அவர் முதுகு அதிர்வது என் நெஞ்சில் தெரிந்தது. ஜீப்புக்காகக் காத்திருந்தபோதுதான் சொன்னார்.

"சொன்னேன்ல தம்பி."

அதில் ஒரு துளி சந்தோஷம் கூட இல்லை.

டிஸ்பென்சரியில் தையல் போட்டு, ஊசி போட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர். மழை வெயில் பார்க்காமல் லயம் லயமாக நடப்பவர். என் காலில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"பிரதர், நாளைக்கு நீங்க வரவேண்டாம். ரெஸ்ட் எடுங்க. சாட்சியக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம். இப்பப் போய் நின்னா, ஜனங்க தப்பா எடுத்துக்குவாங்க."

"என்னாங்க தப்பு?"

"கர்த்தர் காக்கலையோன்னு நெனப்பாங்க."

என் மனைவி கருப்பட்டிக் காப்பியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க" என்று உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. வெட்டுப்பட்டதிலிருந்து நானே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் வந்த கோபம்.

"கையில ஆணித் தழும்போட வந்து நின்னவரத்தாங்க கும்பிடறோம். அவரு மறைக்கலையே" என்றேன். "நான் ஒரு காலத் தூக்கி மறைச்சு வச்சு என்னாத்துக்கு ஆகப்போவுது? நாளைக்கு வர்றேங்க."

அவர் காப்பியைக் குடித்தார். மறுக்கவில்லை.

அவர் போன பிறகு, கழுவி வைக்கலாம் என்று கத்தியை மனைவியிடம் கேட்டு வாங்கினேன். ரத்தத்தோடு விட்டால் இரும்பு அரித்துவிடும். உட்கார்ந்தபடியே வாளித் தண்ணீரில் தேய்த்தேன். கைப்பிடிக் கட்டையும் இரும்பும் சேருகிற இடுக்கில் ரத்தம் போக மாட்டேன் என்றது. ஈர்க்குச்சியால் நோண்டினேன். வந்தது ரத்தம் இல்லை. மஞ்சள். மஞ்சளும் அதன் கூடக் கொஞ்சம் குங்குமமும், பிசின் மாதிரி; பழைய வருடத்தது இல்லை, புதுசு.

என் மனைவியிடம் காட்டினேன். அவள் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "எங்கண்ணனா?" என்று மட்டும் கேட்டாள்.

மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவர் என் காலைப் பார்த்தார், பிறகு என் மடியில் கிடந்த கத்தியைப் பார்த்தார், கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப வச்சீங்க?"

"பூசை அன்னிக்கு, விடியறதுக்கு முன்னாடி."

"தனியாவா?"

"பின்ன, மேளம் அடிச்சுக்கிட்டா போவேன்?"

அந்த நேரத்தில் அந்தப் பாதையில் ஒற்றையாகப் போகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான். அதற்கு முந்தின மாதம்தான் ஓவேலிப் பக்கம் ஒரு ஆளை யானை அடித்திருந்தது. இவர் ஒரு டார்ச் லைட்டையும் என் கத்தியையும் தூக்கிக்கொண்டு, கல்லுக்குப் போய், எனக்காகக் கும்பிட்டு, பொட்டைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறார். இது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் எனக்குத் தலை கொதித்தது.

"வேண்டாம்னு உங்க முகத்தப் பாத்துத்தான சொன்னேன்? எனக்குத் தெரியாம எங் கத்திய வச்சா என்னா அர்த்தம்? நான் என்ன சின்னப் புள்ளையா?"

"என் தங்கச்சி கழுத்தப் பாத்தேன். வேற ஒண்ணும் பாக்கல" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "வச்சும் பட்டுருச்சே மாப்ள" என்றார். எனக்கு வெட்டுப்பட்டதைவிட அதுதான் அவரை அடித்துப் போட்டிருந்தது. போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அவர் போனதும் என் மனைவி சொன்னாள்: "திங்கக்கிழமை பெரட்டுல கேப்பாங்க. நீங்க இதச் சொல்லிட்டா முடிஞ்சுது. கத்தி கல்லுகிட்டதான் இருந்துச்சு, அதுக்கும் வெட்டுக்கும் சம்பந்தமில்லன்னு ஆயிரும். வீடு நிக்கும்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெரட்டு என்பது காலையில் ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் களம். அங்கே ஒரு வாக்கியம் போதும். பழி என்னை விட்டுப் போய்விடும். பாஸ்டருக்கோ அதைவிடப் பெரிய சாட்சி: பாருங்கள், அவர்கள் சாமி முன்னால் வைத்த கத்திதான் வெட்டியது. இரண்டு சபையும் கை தட்டும்.

ஆனால் மச்சான்? எல்லார் கத்தியையும் நம்பி வாங்குகிறவர், கூட்டத்தை ஏமாற்றிக் கள்ளத்தனமாகப் பூசை போட்டவர் ஆகிவிடுவார். அதற்கு மேல் கங்காணியாக அவர் யாரை அதட்ட முடியும்? பயந்துபோன ஒரு மனிதன் எனக்காக யானைப் பாதையில் நடந்ததை எடுத்து, அதை வைத்தே அவரையும் அவர் கும்பிடுகிற கல்லையும் அடிக்க வேண்டும். அப்படிச் செய்து காப்பாற்றிக்கொள்கிற விசுவாசம் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. கத்தியை வைக்க மாட்டேன் என்று நான் சொன்னது யாரையும் குனிய வைப்பதற்காக இல்லை. நான் ஒருவருக்கு முன்னால் குனிந்துவிட்டேன், அவ்வளவுதான் காரணம்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"வீடு போனா?"

"போகட்டும். கூடலூர்ல லோடு இறக்கறேன்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?" என்றாள். பிறகு விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஜெபத்துக்கு முட்டி போட முடியாத என் பக்கத்தில் அவள் மட்டும் முட்டி போட்டாள். எங்கள் இருவருடைய பங்குக்கும் சேர்த்து அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். பக்கத்து எஸ்டேட்காரர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் என்னைப் பார்த்தார். கூப்பிடுவதா வேண்டாமா என்ற தவிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில் கூப்பிட்டார். நான் எழுந்து, "நான் கத்திய வைக்கல. வெட்டுப்பட்டுருச்சு. இன்னும் வைக்கப் போறதில்ல. ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன். கை தட்டல் இல்லை. பின்னால் யாரோ ஒரு அம்மா மட்டும் மெதுவாக ஸ்தோத்திரம் சொன்னார். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பெரட்டுக்கும் கம்போடுதான் போனேன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன், கட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும் என்று. கூட்டம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தது. அண்ணன்தான் பேசினார்.

"தம்பி மேல யாருக்கும் வெறுப்பு இல்ல. ஒரு சேவலும், கல்லு முன்னாடி கத்தியும். அதோட சரி. இல்லேன்னா எம் பக்கத்து நிரையில இவன் வேண்டாம். இன்னிக்குக் கால்ல பட்டுச்சு, நாளைக்கு யாரு கழுத்துல படுமோ?"

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். அவர் கண் என்னிடம் எதைக் கேட்டது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லிவிடுவேனா என்று கேட்டது.

"என்ன மாப்ள, வைக்கிறியா?"

"மாட்டேன் மச்சான்."

"வேற எதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல."

கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கால் விண்ணென்று தெறித்தது. என் பேரை அடித்துவிடச் சொல்லுங்கள், நான் போகிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் மச்சான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"அவன் சொல்ல மாட்டான். நாஞ் சொல்றேன். அவன் கத்தி கல்லு முன்னாடி இருந்துச்சு. விடியங்காட்டியும் நானே கொண்டுபோய் வச்சேன். அவனுக்குத் தெரியாம, உங்களுக்கும் தெரியாம. மஞ்சள் இன்னும் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு. சனிக்கிழமையே அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்தை வெளிய விடல."

ஆளுக்கு ஆள் ஏதோ பேசினார்கள். ஒருவர் மச்சானை ஏசினார். மச்சான் வாங்கிக்கொண்டு நின்றார்.

அண்ணன் மட்டும் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஏன் பட்டுச்சு?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"பாசி" என்றார் மச்சான். "கத்தின்னா வெட்டும்."

அந்த வாரம் மச்சான் தன் பங்குக்குக் கல்லுக்கு ஒரு சேவல் கொடுத்தார். அது அவருக்கும் அவருடைய சாமிக்கும் உள்ள வழக்கு, நான் தலையிடவில்லை. கங்காணி வேலை அவரை விட்டுப் போகவில்லை. கொஞ்ச நாள் யாரும் அவரோடு சேர்ந்து டீ குடிக்கவில்லை. நான் குடித்தேன். என் கத்தியை இனி என்னைக் கேட்காமல் தொட மாட்டேன் என்று அப்போது ஒரு தடவை சொன்னார். இதுவரை தொடவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை, ஏசி முடித்துக் கூட்டம் கலைகிற நேரத்தில், நான் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். தையல் போட்ட காலோடு நிரை பிடிக்க முடியாது. நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, போகச் சொல்லியும் சொல்லவில்லை. மச்சான் வீட்டுக்குப் போய்த் தீட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, வெட்டு நடக்கிற சரிவுக்கு மேலே நிழலில் போட்டார்.

"கால் ஆறுற வரைக்கும் உக்காந்து தீட்டு" என்றார்.

உட்கார்ந்தேன். வெறும் தீட்டுக்கல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காருவது? கீழே எல்லாரும் நிரை பிடித்து நின்றார்கள். கங்காணி சொன்னாலும் அவர்கள் கத்தியை என்னிடம் கொடுக்க வேண்டுமே. சாமிக் கல்லுக்குக் கொடுத்த கத்தியை, அதற்குக் கொடுக்காதவன் கையில். நான் தண்ணீரை ஊற்றிக் கல்லை நனைத்து, சும்மா அதைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் நிரையை விட்டு ஏறி வந்தார். என் எதிரே நின்று, மூச்சு வாங்கினார். என் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். டிஸ்பென்சரிக் கட்டுக்கு மேலே இன்னும் அவருடைய துண்டைத்தான் சுற்றியிருந்தேன். பிறகு குனிந்து, தன் கத்தியை என் முன்னால் வைத்தார்.

"வாய் மழுங்கிருச்சு தம்பி. நல்லாத் தீட்டு" என்றார். இரண்டு எட்டு இறங்கிப் போய்த் திரும்பிப் பார்த்தார். "கையில பட்டுக்காம."